எட்டு

வண்டியில் எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டார் அந்த அக்கா. ஃபெயில்.

மகனின் லைசென்ஸுக்காக இன்று ஆர்டிஓ மைதானத்தில் நின்றிருந்தேன். வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். இவருக்கு 52 வயதாம். முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022-இல், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் தலைமையில், ஐம்பது தாண்டிய பெண்கள் அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து லடாக் வரை இமயமலையை நடந்தே கடந்தார்கள். அதைப் படித்தபோது அடைத்த அதே தொண்டை இன்றும் அடைத்தது.

பதினெட்டு வயதில் விழுவதைப் பற்றி யார் நினைக்கிறோம்? மூட்டுவலி, வீட்டில் கேட்கப்போகும் பேச்சு, எல்லாம் தெரிந்தேதான் இவர் ஏறினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார்: “சரி சார், அடுத்த டெஸ்ட் எப்போ?”