ரீசெட்டை அழுத்துவதற்கு முன்னால்

செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: "அலாரம் அடிச்சா இதை அழுத்து, நின்னுடும்." தீ அலாரம் பேனலில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லித் தரவில்லை. சொன்னவருக்கே தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஒரு நாள் இரவு 2 மணிக்கு மேல் ஹூட்டர் அலறியது. தூக்கக் கலக்கத்தில் ஓடிப்போய் ரீசெட்டை அழுத்தினேன். நின்றது. வாக்கி டாக்கியில் கேமரா அறைத் தம்பி, "எந்த ஜோன் அண்ணே?" என்றான். ஜோன் என்பது கட்டடத்தின் ஒரு பகுதி; பேனலில் ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு ஒரு விளக்கு. 4 எரிந்ததா, 5 எரிந்ததா? நினைவில்லை. விளக்கும் அணைந்துவிட்டது.

பேனலில் சைலன்ஸ் என்று இன்னொரு பொத்தான் உண்டு. அது சத்தத்தை மட்டும் நிறுத்துவது. எந்த ஜோன் என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரீசெட் போட்டால் அதுவும் போய்விடும். கூரையில், புகையைப் பிடித்த டிடெக்டரின் தலையில் எரியும் பொட்டளவு சிவப்பு விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். பழைய வகை பேனலில் ஒரு ஜோனுக்கு இருபது டிடெக்டர் இருக்கும். அதில் எது என்று சொல்வது அந்தப் பொட்டு விளக்குதான். புது வகை பேனல்கள் டிடெக்டரின் எண்ணையே திரையில் காட்டி, நினைவிலும் வைத்துக்கொள்ளும். எங்களுடையது அப்படியில்லை.

நாலாவது ஜோனில் அறை அறையாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஐந்துக்குப் போகும்போது மறுபடி அடித்தது. இந்த முறை யாரும் எதையும் அழுத்தாததால் பொட்டு விளக்கு வழிகாட்டியது. ஒரு சின்ன அறையில் மின்கெட்டில் தானாக நிற்காமல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி நேராக மேலே டிடெக்டருக்கு. தண்ணீர் அடியில் விரல்கடை அளவுதான் மிச்சம். அதுவும் வற்றியிருந்தால், அடுத்து வந்திருப்பது ஆவியாக இருக்காது.

ஆவிக்கும் புகைக்கும் டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே இருட்டறை, ஒரு ஒளிக்கற்றை. எது புகுந்து அந்த ஒளியைச் சிதறடித்தாலும் அடித்துவிடும். தூசி போதும், சின்னப் பூச்சி போதும். இப்படி நாலு முறை வெறுமனே அடித்தால், ஐந்தாவது முறை யாரும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒவ்வொரு பொய் அலாரத்தையும் இடத்தோடு ரெஜிஸ்டரில் எழுதுவேன். ஒரே டிடெக்டர் மூன்று முறை வந்தால், பராமரிப்புக்காரர்களிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினால் போதும். வாயால் சொன்னால் யாரும் வருவதில்லை.

மஞ்சள் விளக்கு இன்னொரு கதை. அது தீ இல்லை, கோளாறு. கீச்கீச்சென்று பஸ்ஸர் விடாமல் கத்தும். ஒருமுறை டியூட்டி மாறி வந்தபோது பஸ்ஸர்மேல் டேப் ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் பேட்டரி கோளாறு. 12 வோல்ட் பேட்டரி இரண்டில் ஒன்று உப்பிப் போயிருந்தது. கரண்ட் போயிருந்தால் அலாரமே அடித்திருக்காது. எத்தனை நாளாக அப்படி என்று கேட்டேன், எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

இப்போது யார் புதிதாக வந்தாலும், பொத்தானைத் தொடுமுன் ஜோன் எண்ணை உள்ளங்கையில் எழுதச் சொல்கிறேன். அதற்காகவே பேனலுக்குப் பக்கத்தில் நூல் போட்டு ஒரு பேனா கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சரி என்று நானும் வேறொன்று கட்டிவிடுகிறேன்.