பிரான்சின் ஒழுங்கைகளில் நாலு நாள்

பிரான்சுக்கு 2010இல் வந்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருசம் ஒரு கோதுமை வயலைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பாரிஸ் புறநகர் பொபினியில் வீடு, தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் சாமான், ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை, கடைசி மெட்ரோவில் திரும்பி வந்து படுக்கை. யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணிக்குள் வளர்ந்தவன் நான். இந்த நாட்டிலும் தோட்டம் செய்கிற சனம் இருக்கும் என்று தெரியும்தான். ஆனால் அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தேடிப் போகவில்லை.

கொரோனாக் காலத்தில் 2020 ஒக்டோபர் கடைசியில் ரெஸ்டோரண்டுகளை மூடினார்கள். 2021 மே 19வரைக்கும் திறக்க விடவில்லை. வீட்டுக்குள் இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிற நிலை வந்தபோது 90 யூரோவுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். எங்கள் வீட்டுக்குக் கிட்டவே 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாய் ஓடுகிறது. பாரிசுக்குத் தண்ணீர் கொண்டு வருவதற்காக 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய் அது, கரையோரம் சைக்கிள் பாதை இருக்கிறது. செவ்ரான் காட்டைத் தாண்டி கிளே-சூயிவரை விட்டுக்கொண்டு போனால், பாலத்தில் ஏறி நின்று பார்க்கிறேன், கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சைக் கோதுமை. வீட்டிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு வரம்பில் குந்தியிருந்தேன், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப நன்றாக இருட்டிவிட்டது.

தூரப் பயணம் தொடங்கியது அப்படித்தான். எல்லாவற்றையும் எழுத இடம் போதாது, அதனால் 2024 மே மாதம் என் மகளோடு போன நாலு நாளை மட்டும் சொல்கிறேன். அந்த வருசம் மே 8, 9 இரண்டும் விடுமுறை, வெள்ளியும் பள்ளிக்கூடம் இல்லை. அவளுக்குப் பதினாலு வயது. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, எனக்கு இன்னும் குசினிப் பிரெஞ்சுதான்.

நாங்கள் எடுத்த பாதையின் பெயர் வெலோசேனி. பாரிஸ் நொத்ர்-டாம் தேவாலய வாசலில் தொடங்கி நோர்மண்டிக் கரையிலுள்ள மோன் சன்-மிஷேல்வரை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நாங்கள் போனது அலோன்சோன்வரை. பாரிசுக்குள் மினக்கெடாமல், லா கூர்னவில் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரெயினில் சைக்கிளை ஏற்றி மசி-பலேசோவில் இறங்கினோம். வேலைநாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் பின்னேரம் 4.30 முதல் 7.30 வரையும் இந்த ரெயின்களில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், விடுமுறை நாளில் அந்தத் தடை இல்லை.

முதல் நாள் செவ்ரஸ் பள்ளத்தாக்கு ஏற்றம் மகளைக் கொஞ்சம் வாட்டியது. பின்னேரம் ரம்புய்யே காட்டுக்குள் நுழைந்ததும் களைப்பைக் காணோம். ஓக் மரங்களில் இளந்தளிர், அடியில் வெள்ளை மணி மணியாக முகே பூ. தூரத்தில் ஒரு குயிலினம் கூவியது. "அப்பா, மணிக்கூட்டுச் சத்தம்!" என்று சைக்கிளை நிற்பாட்டினாள். கடிகாரத்துக்குள் இருந்து கூவுகிற குக்கூ, உண்மையான ஒரு பறவையின் குரல்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாம் நாள் மெந்தெனோன். வெர்சாயுக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோக 14ஆம் லூயி 1685இல் கட்டத் தொடங்கி, யுத்தம் வந்ததால் 1688இல் பாதியில் விட்ட நீர்ப்பாலத்தின் கமான்கள் அங்கே மரம் முளைத்து நிற்கின்றன. அங்கிருந்து சார்த்ர். வயல்களுக்கு மேலே முதலில் தெரிவது ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராத அந்த இரண்டு தேவாலயக் கோபுரங்கள்தான். தெரிந்த பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்க வேண்டியிருந்தது.

சார்த்ருக்கு அங்கால் போஸ் சமவெளி. மரம் இல்லை, வேலி இல்லை, காற்று மட்டும் மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கிறது. மகளை எனக்குப் பின்னால் ஒட்டி வரச் சொன்னேன். கொல்சா வயல்கள் பாதி மஞ்சளும் பாதி காயுமாக இருந்தன. கொல்சா எங்கள் கடுகின் இனம், ஒரு பூவைக் கசக்கி மணந்தால் உடனே தெரியும்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இரண்டு விசயம் சொல்ல வேண்டும். சின்ன ஊர்களில் கடை இருக்காது, இருந்தாலும் மத்தியானம் பூட்டிவிடுவார்கள், திங்கட்கிழமை பாண் கடையை நம்ப வேண்டாம், அதனால் முதல் நாளே பாணும் சீஸும் வாங்கிப் பையில் வையுங்கள். தண்ணீருக்குச் சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, தேடுங்கள். ஒவ்வொரு ஊர்ச் சேமக்காலையிலும் பூச்சாடிகளுக்கு ஊற்ற ஒரு பைப் இருக்கும், குடிநீர் அல்ல என்று எழுதியிராவிட்டால் போத்தலை நிரப்பலாம்.

அப்படித் தண்ணீர் பிடிக்க நின்ற ஓர் ஊரில் மகள் 1914–1918 நினைவுக் கல்லை வாசித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தக் கல் உண்டு. "அப்பா, ஒரே குடும்பப் பேர் மூன்று தரம் இருக்கு. அண்ணன் தம்பியோ?" இருக்கலாம் என்றேன். இருபது வீடுகூட இல்லாத ஊர் அது, கல்லில் பதினேழு பெயர். நூறு வருசம் கழித்தும் யாரோ அதன் காலடியில் பூ வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு ஒரு கல் நடுகிறதே எவ்வளவு பாடு, நட்ட கல்லை இடிக்காமல் விடுகிறதே எவ்வளவு பாடு. அதை அவளுக்கு அப்போது சொல்லவில்லை, போத்தலை மூடிக்கொண்டு வெளிக்கிட்டோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் நிலம் மாறத் தொடங்கியது. சமவெளி முடிந்து மேடு பள்ளம், சின்னச் சின்னப் புல்வெளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி உயிர்வேலி. பெர்ஷ் பகுதி வந்துவிட்டது. பாதை இரண்டு வேலிக்கு நடுவே ஒடுங்கி வளைந்து போகிறது. எனக்கு வாயில் வந்த சொல் ஒழுங்கை. பூவரசும் கிளுவையும் நிற்கிற இடத்தில் இங்கே வெள்ளைப் பூ முள்மரமும் ஹேசலும் நிற்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். கரையில் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடிகூட இருக்கிறது, மகளுக்குக் காலில் பட்டுவிட்டது.

அந்த ஒழுங்கையில்தான் என் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. ரயரைத் தடவினால் ஓர் அங்குல முள், வேலி வெட்டினபோது விழுந்தது. ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும், பக்கத்துப் பண்ணை வாசலில் நின்று மகளைக் கேட்கச் சொன்னேன். எழுபது வயதிருக்கும், ஒரு விவசாயி வாளியோடு வந்தார். ரியூபுக்குக் காற்றடித்து வாளிக்குள் அமத்திச் சுற்றினேன், முட்டை முட்டையாகக் குமிழி வந்த இடத்தை விரலால் பொத்தி, துடைத்து, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, அது காய ஊதிக்கொண்டு இருந்தேன். எங்கே பழகினீர் என்று கேட்டார். பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது, நோயாளியையும் சைக்கிளில்தான் ஏற்றினோம், இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். மகள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு நான் வேலியைக் காட்டிக் கேட்டேன். அடிமரம் தடித்து, தலை மொட்டையாகி, அதிலிருந்து கொப்புகள் கற்றையாகக் கிளம்பின மரங்கள். துரோஞ் என்று சொன்னார். சில வருசத்துக்கு ஒருக்கால் கொப்பை வெட்டி விறகாக்குவது, மரம் நிற்கும். நாங்கள் பூவரசை வெட்டிக் குழையைத் தோட்டத்துக்குத் தாழ்ப்பது அப்படித்தான் என்றேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காணிகளை ஒன்றாக்கும் திட்டத்தில் வேலி வேலியாகப் பிடுங்கினார்களாம், இவருடைய அப்பாவும் பிடுங்கினவராம். பிறகு மழைக்கு மண் கழுவுப்பட்டுப் போக, இவர் திரும்ப நட்டுக்கொண்டு வருகிறார். மானியம் வாங்குகிற விவசாயி மார்ச் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை வேலியில் கத்தி வைக்கக் கூடாது, குருவிகள் கூடு கட்டுகிற காலம் என்றும் அவர்தான் சொன்னார். கொப்பு முறித்து நட்டால் முளைக்குமா என்று கேட்டேன், எங்களுக்குக் கதியால் என்றால் அதுதானே. இது அப்படி முளைக்காது, கன்றாக வைக்க வேண்டும் என்றார். மகளின் கொப்பியில் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

அன்றிரவு ஒரு கிராமத்துக் கூடார முகாமில் படுத்தோம். மே 10, வெள்ளி. பதினொரு மணி கழித்து மகள் உலுப்பி எழுப்பினாள். "அப்பா, எழும்புங்கோ. வானம் சிவந்திருக்கு."

நான் எழும்பின விதம் எனக்கு மட்டும்தான் தெரியும். இரவில் வானம் சிவந்தால் எங்கேயோ எரிகிறது, எந்தப் பக்கம், எத்தனை மைல், எதை எடுத்துக்கொண்டு ஓடுவது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அப்பாவின் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டி நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாகத் தள்ளிக்கொண்டு போன பிள்ளை நான், அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. கூடாரத்துக்கு வெளியே வந்து முதலில் சத்தம் கேட்கிறதா என்றுதான் காதைக் கொடுத்தேன். சத்தமில்லை. வேலிகளுக்கு மேலே வடக்கு முழுக்க இளஞ்சிவப்பு, நடுவில் ஊதாக் கோடுகள் நிமிர்ந்து நின்று மெல்ல நகர்கின்றன. "துருவ ஒளியப்பா, சூரியப் புயலாம், போனில போட்டிருக்கு." அன்றைக்கு பிரான்ஸ் முழுக்கப் பல இடங்களில் தெரிந்ததாக அடுத்த நாள் அறிந்தோம். பக்கத்துக் கூடாரத்துச் சனமும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றது. மகள் என் கையைப் பிடித்து, "ஏன் உங்களுக்கு நடுங்குது?" என்று கேட்டாள். அப்போதுதான் நாவற்குழிப் பாலத்தைப் பற்றி முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன். வானம் வெளிறுமட்டும் புல்லில் இருந்தபடி சொன்னேன், நினைவுக் கல்லடியில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

நாலாம் நாள் சுகமான நாள். கொந்தே-சூர்-உய்ன் முதல் அலோன்சோன்வரை 67 கிலோமீட்டர், பழைய ரெயில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் போட்ட பாதை, வாகனமே வராது. அலோன்சோனிலிருந்து லு மான் போய், அங்கிருந்து பாரிஸ் ரெயின். சைக்கிளைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் நித்திரையாகிவிட்டோம்.

நவம்பரில் அந்தப் பெரியவருக்குப் போன் எடுத்தேன், இந்தத் தடவை நானே பேசினேன். சன்த்-கத்ரீன் நாளில் நட்டால் எந்த மரமும் வேர் பிடிக்கும் என்று இங்கே ஒரு பழமொழி, அது நவம்பர் 25. அந்த வருசம் அது திங்கட்கிழமை, என் லீவு நாள். நொஜோன்-லெ-ரொத்ரு ஸ்டேசனில் இறங்கி, தூறலுக்குள் சைக்கிள் மிதித்துப் போனேன். அவர் கயிறு பிடித்தார், நான் கிடங்கு வெட்டினேன். ஹேசல், முள்மரம், மேப்பிள், மத்தியானத்துக்குள் நாற்பது கன்று வைத்தோம். ஓர் இடத்தில் இரண்டு கன்றுக்கு நடுவே கூடுதலாக இடைவெளி விட்டார். ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி முட்டை கொண்டு வருகிற வழியாம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பொட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், மூன்றாம் தரம் சரியாக வந்தது.