கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படத்தைப் பிரதி எடுத்த முறை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்காற்றுப் படும் சுவரில் நெடுங்காலம் தொங்கிய கறுப்பு வெள்ளைப் படம். யாரோடும் ஒட்டாமல் தனியே வாழ்ந்த ஒரு தச்சர், தன் கையாலேயே கட்டிய வீட்டின் வாசலில் நிற்கிறார். அவருக்கு வேறு படம் கிடையாது, நெகட்டிவும் இல்லை. அளவு 4¾ × 6½ அங்குலம்.

சட்டத்தைக் கழற்றியபோது படம் கண்ணாடியைப் பிடித்திருந்தது. பழைய படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். கொழும்பு ஈரப்பதத்தில் ஊதிப் பிசுபிசுத்து, காயும்போது கண்ணாடியோடு இறுகிவிடும். சரித்துப் பார்த்தால் ஒட்டிய இடம் நனைந்ததுபோல் கருமையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் உரிக்கவே கூடாது. தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் கரைந்து படமே போய்விடும். ஹெயார் டிரையரும் வேண்டாம்.

ஆகவே கண்ணாடியோடே ஸ்கான் செய்தோம். தன் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டும் கூர்மையாகப் பிடிக்கும் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கானரில் 2 மில்லிமீற்றர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மங்கிவிடும். உள்ளே வில்லை வைத்த, சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும் சிசிடி வகைதான் வேண்டும். வெளிப்பக்கத்தைப் பிழிந்த துணியால் துடையுங்கள். திரவத்தை நேரே தெளித்தால் ஓரத்தால் உள்ளே இறங்கும். படத்தின் கண்ணாடியும் ஸ்கானர் கண்ணாடியும் தொட்டால் வானவில் வளையங்கள் விழும். நாலு மூலையிலும் மெல்லிய கடதாசித் துண்டு வைத்தால் போதும். ஸ்கானர் மூடி பொருந்தாது, கறுப்புத் துணியால் போர்த்துங்கள்.

ஆள் முழு உயரத்தில் நிற்பதால் முகம் வெறும் 6 மில்லிமீற்றர். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) அது ஏறக்குறைய 140 பிக்சல், 1200இல் 280. நாங்கள் 1200இல், நிற நுணுக்கம் கூடிய 48 பிட் கலரில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக எடுத்தோம்; சுமார் 267 மெகாபைட் வந்தது. கறுப்பு வெள்ளைக்கு ஏன் கலர் என்றால், கலர் ஸ்கான் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சனல்களாக, அதாவது நிற அடுக்குகளாகப் பதிவாகும்; மஞ்சள் கறை நீலச் சனலில்தான் கனமாக விழும். சிவப்புச் சனலை மட்டும் எடுத்தால் பாதிக் கறை தானாக மறையும்.

திருத்தும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். நிலைக்காலில் மரம் செதுக்கும் வாய்ச்சி வெட்டிய தடம் வரிவரியாகத் தெரிகிறது. குறுக்குமரத்தின் நுனி நிலைக்காலைத் துளைத்து வெளியே வந்து மர ஆப்பால் இறுகியிருக்கிறது. அந்த இடத்தில் ஆணித்தலை ஒன்றுகூட இல்லை. புள்ளி நீக்கும் மென்பொருளுக்கு இவை எல்லாம் கீறல்தான், ஒரே அழுத்தில் வழித்துவிடும். பேசாத மனிதரைப் பற்றி இந்த மரவேலைதானே பேசுகிறது! முகத்தை ஏஐயில் ‘தெளிவாக்க’வும் விடாதீர்கள். இல்லாத கண்ணையும் மூக்கையும் அது தானாக வரையும். வருவது வேறு யாரோ. கறைகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். மூலக் கோப்பைத் தொடவில்லை, திருத்தியது தனிக் கோப்பு.

ஏசி அறையில் ஸ்கான் செய்தால், படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மூடிய பிறகே வெளியே எடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றுப் பட்டதும் நீர் கோர்க்கும். வெளியே வந்து சூடு சமமான பிறகு பையைத் திறக்கலாம். சுவரில் மாட்டப் பிரதி போதும். அதற்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.