அம்மா கேட்ட கேள்வி: மீதியை யார் கொடுக்கிறார்கள்?

போன வாரம் அம்மாவின் பழைய பர்ஸில் ஏதோ ரசீது தேடப்போய், 2017-ல் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயில் டிக்கெட் ஒன்று கையில் கிடைத்தது. எழுத்து பாதிக்கு மேல் மங்கிவிட்டது. ஆனால் அதில் இருந்த ஒரு வரி எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அன்றைக்கு ரயிலில் உட்கார்ந்து அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னதே நான்தான். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டும்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று 2016-லிருந்து டிக்கெட்டுகளில் அச்சடித்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "அப்ப மீதிய யாருப்பா குடுக்குறா?" என்று கேட்டார். "கவர்மெண்ட்டும்மா" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது தப்பான பதில்.

2025 ஜூலையில் கட்டணத்தை ஏற்றியபோது இதே விஷயத்துக்கு எனக்கும் மாமாவுக்கும் வீட்டில் பெரிய வாக்குவாதம் வந்தது. ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை. ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசியில் 2 பைசா. சாதாரண இரண்டாம் வகுப்பில் 500 கிலோமீட்டர் வரைக்கும் ஏற்றமே இல்லை, சீசன் டிக்கெட்டைத் தொடவும் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பரில் போனால் ஐந்து ரூபாய் கூடும், அவ்வளவுதான். மாமா சொன்னார், "மாப்ள, டீ விலை எத்தனை தடவை ஏறிருச்சு, ரயிலுக்கு மட்டும் ஏன் அழுகுறீங்க? நஷ்டத்துல ஓட்டுனா எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்?" அந்த ஐந்து ரூபாய்க்காக நானும் சண்டை போடவில்லை. 'நஷ்டம்' என்று அவர் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் போட்டேன்.

ரயில்வே சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-23-ல் பயணிகளுக்குக் கொடுத்த மானியம் 56,993 கோடி ரூபாய், அதாவது நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு நாம் 54 ரூபாய் கொடுக்கிறோம் என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். கேட்டவுடன் எல்லோரும் நினைப்பது, டெல்லி பட்ஜெட்டிலிருந்து வருடா வருடம் அந்தத் தொகை ரயில்வேக்குப் போகிறது என்றுதான். அப்படிப் போவதில்லை. மத்திய பட்ஜெட்டிலிருந்து பெரிய பணம் வருவது உண்மை. 2025-26-க்கு 2.52 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், ஆனால் அது புதுப் பாதை, இரட்டைப் பாதை, பெட்டி, என்ஜின், சிக்னல் என்று மூலதனத்துக்கு. தினசரி வண்டி ஓட்டும் செலவு, சம்பளம், கரண்ட், பராமரிப்பு, இது போக ஓய்வுபெற்றவர்களின் பென்ஷன் எல்லாவற்றையும் ரயில்வே தன் வருமானத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பென்ஷன் மட்டுமே வருடத்துக்கு 50,000 கோடிக்கு மேல். மற்ற பெரும்பாலான துறைகளில் ஓய்வுபெற்றவர்களின் பென்ஷன் அரசின் பொதுக் கணக்கிலிருந்து போகிறது, ரயில்வேக்காரர்களுடையதோ டிக்கெட் வருமானத்திலும் சரக்கு வருமானத்திலும் போய் உட்காருகிறது.

சரி, அப்படியானால் பயணிகள் பக்கம் விழும் பள்ளத்தை எது நிரப்புகிறது? சரக்கு. குறிப்பாக நிலக்கரி. ரயில்வேயின் சரக்கு வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியில்தான் வருகிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு வரும் கரிக்கு நம் மின்வாரியம் கொடுக்கும் ரயில் வாடகையில், அந்தக் கரியை ஏற்றிவர ஆகும் செலவுக்கு மேல் ஒரு பங்கு இருக்கிறது. அது மின்சாரச் செலவில் சேருகிறது. ஆக, அம்மாவின் கேள்விக்குச் சரியான பதில்: "மீதியை நீங்களும்தான்மா குடுக்குறீங்க, கரண்ட் பில்லுல." அரிசி, சிமெண்ட், உரம் எல்லாவற்றிலும் இந்தக் கதை கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

இன்னொன்றையும் மாமாவிடம் சொன்னேன். ஒரே தண்டவாளம், ஒரே சிக்னல், ஒரே ஸ்டேஷன் மாஸ்டர். பாசஞ்சரும் அதில்தான் போகிறது, கூட்ஸும் அதில்தான் போகிறது. இந்தப் பொதுச் செலவில் எவ்வளவு பயணிகள் தலையில், எவ்வளவு சரக்கு தலையில் என்பது கணக்கு எழுதுகிறவர்கள் வகுத்துக்கொண்ட பங்கீடு. பங்கீட்டை மாற்றினால் நஷ்டமும் மாறும். அதற்காக மானியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, கண்டிப்பாக இருக்கிறது. சாதாரண வகுப்பும் புறநகர் ரயிலும் செலவை ஈட்டுவதில்லை. ஆனால் அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி-யின் அறிக்கைகளைப் புரட்டினால் முதல் வகுப்பு ஏசியே நஷ்டத்தில் வந்த வருடங்கள் உண்டு, பல வருடங்கள் லாபத்தில் நின்றது மூன்றடுக்கு ஏசிதான். இதெல்லாம் தெரியாமல், பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து பாசஞ்சரில் ஏறுகிறவர்தான் ரயில்வேயைக் கவிழ்க்கிறார் என்று பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

இப்படிச் சரக்கின் தலையில் ஏற்றிவைத்ததற்கு நாடு நிறைய விலை கொடுத்திருக்கிறது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதி ரயிலில் போனது, இப்போது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான். மீதியெல்லாம் லாரியில் நான்குவழிச் சாலைகளில் டீசல் புகையோடு போகிறது. வாடகை அதிகம் என்பது இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. பயணிகள் கட்டணத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை 2012-ல் பார்த்தோமே. அப்போதைய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி ரயில்வே பட்ஜெட்டில் எல்லா வகுப்புக்கும் கட்டணத்தை ஏற்றினார், அவருடைய கட்சித் தலைவரே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார், அடுத்து வந்தவர் ஏற்றத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். சத்தமில்லாமல் சரக்கில் ஏற்றுவது அமைச்சர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நாளைக்கு சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடிக்கூடி நிலக்கரி குறைய ஆரம்பித்தால், இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவார்கள்? அன்றைக்கு முதலில் கைவைப்பது பாசஞ்சர் வண்டியில்தான் இருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஏற்கனவே கைவைத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப ஓட்டியபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாக இருந்ததை 30 ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே ஸ்டேஷன்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை (ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம்) பிறகு வரவே இல்லை, ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்குமாவது கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்த பிறகும்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி. அதனால் ரயில்வேக்குப் பணம் என்றாலே என் மனது மதுரையிலிருந்து எங்கள் ஊர், தேனி வழியாகப் போடிநாயக்கனூர் போகும் போடி லைனுக்குத்தான் போகும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் 1928-ல் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போய், 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். சின்ன வயதில் அந்த மீட்டர் கேஜ் வண்டியில் உசிலம்பட்டி தாண்டி மதுரைக்குப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. பூக்கூடைகளை வாசல் பக்கம் அடுக்கி வைத்துவிட்டு கீழேயே உட்கார்ந்துகொள்ளும் பெண்கள், கணவாயில் பாறையைக் குடைந்த இடத்தில் வண்டி மெதுவாகும்போது வரும் குளிர்ந்த காற்று. 2010 கடைசி நாளோடு அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். 90 கிலோமீட்டர் பாதை. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நிதி ஒதுக்கினால் இப்படித்தான் ஆகும். அதிலும் தேனிக்கு ஓட ஆரம்பித்தபோது, காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு சாயங்காலம் தேனியிலிருந்து திரும்பும் ஒரே ஒரு ஜோடி வண்டி. எங்கள் பக்கத்து ஆட்கள் வேலைக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலையில் மதுரைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அது எதிர்த்திசை. இன்னொரு ஜோடி ஓட்டினால் ஊரே ஏறும், ஆனால் ஓட்ட ஓட்ட நஷ்டக் கணக்கும் கூடும் என்று இருக்கும்போது எந்த அதிகாரி கூடுதல் வண்டிக்குக் கையெழுத்துப் போடுவார்?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். கொடுக்கிற மானியத்தைப் பட்ஜெட்டில் வெளிப்படையாகக் கொடுங்கள். இந்த வண்டி மக்களுக்காக ஓடுகிறது, இதற்கு வருடம் இவ்வளவு என்று ரயில்வேக்கு ரொக்கமாகக் கட்டுங்கள். ஐரோப்பாவில் ஒப்பந்தம் போட்டு அப்படித்தான் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் டவுன் பஸ்ஸில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்களே, அதற்காக 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது சரியா தவறா, போதுமா போதாதா என்று சட்டமன்றத்திலும் டீக்கடையிலும் பேச முடிகிறது, ஏனென்றால் தொகை கண்ணுக்குத் தெரிகிறது. ரயிலில் தெரிவதில்லை. 1924-லிருந்து தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017-ல் பொது பட்ஜெட்டோடு சேர்த்தபோது இதைச் செய்ய நல்ல வாய்ப்பு இருந்தது. செய்யவில்லை.

மாமா கடைசியில் கேட்டார், "அப்ப அதுக்கு வரி போட்டா ஒத்துக்குவியா?" ஒத்துக்குவேன் மாமா என்றேன். காருக்கும் பெட்ரோலுக்கும் கொஞ்சம் கூட்டிப் போடட்டும், நானும் கட்டுகிறேன், ஆனால் அந்தக் காசுக்குக் காலையில் ஆறு மணிக்கு ஆண்டிபட்டியில் நின்று மதுரைக்குப் போகிற ஒரு வண்டியைக் கேட்பேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மாவை மதுரையில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், எட்டரைக்கு அங்கே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று அவரே நேரம் பார்த்துச் சொன்னார்.