மாமாவின் ஓடிபி யாருக்குப் போனது? நான் சைபர் செக்யூரிட்டிக்கு வந்த வழி

மாமா மஞ்சள் விற்று வைத்திருந்த பணம் ஆன்லைன் மோசடியில் களவு போனது. அதில் 71,000 ரூபாய் போன வாரம் கணக்குக்குத் திரும்பிவிட்டது. போனது 1.86 லட்சம். மீதிக்காக இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பெருந்துறைப் பக்கம் பி.இ. கம்ப்யூட்டர் முடித்த என் செட்டில் பெரும்பாலோர் டெவலப்பர் வேலைக்குப் போக, நான் மட்டும் ஏன் செக்யூரிட்டி என்று கேட்கிறார்கள். இந்த அலைச்சல்தான் காரணம்.

நடந்தது இதுதான். ஊர்க்காரர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் சலான்' என்று ஒரு கோப்பு வந்தது. பெயரின் முடிவில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவுகிற கோப்பு. அந்த ஊர்க்காரரின் வாட்ஸ்அப்பே ஏற்கெனவே களவு போயிருந்தது. தெரிந்த எண் என்று மாமா திறந்தார். ஈரோடு மார்க்கெட்டில் மஞ்சள் போட்டு வந்த பணம் ராத்திரியே நாலு தடவையாகப் போய்விட்டது.

முதல் எச்சரிக்கை: போனை ஃபார்மேட் பண்ணாதீர்கள். செல்போன் கடைக்காரர் "குடுங்க, எல்லாத்தையும் அழிச்சுக் கிளீனா தர்றேன்" என்று கையை நீட்டினார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அழித்திருந்தால் ஆதாரமே போயிருக்கும். நான் ஏரோப்ளேன் மோடில் போட்டு, சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் மாட்டினேன். ##002# அடித்து கால் ஃபார்வர்டிங்கை (நமக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி) எல்லாம் ரத்து செய்தேன்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930 கிடைக்க நேரமானது. விடாமல் அடியுங்கள், ஒருவர் அடிக்கும்போதே இன்னொருவர் சைபர் கிரைம் போர்ட்டலில் புகாரைப் பதியலாம். இங்கேதான் ஒரு நடை வீணானது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு எடுத்துப் போனோம். அதில் தேதியும் தொகையும் இருந்ததே தவிர, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் முழுசாக இல்லை. அது இல்லாமல் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று துரத்த முடியாது. பாஸ்புக் போதாது, ஸ்டேட்மென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்துக் காவல் நிலையத்தில் "இது இங்க ஆகாதுங்க" என்றார்கள். அப்போது கோபம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறைந்தவர் இந்த வழக்கை விசாரிக்க முடியாது என்று பிறகு படித்தேன். அந்த ஒரு வரியை அங்கேயே சொல்லி, மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்குப் போங்கள் என்று அனுப்பியிருந்தால் எங்களுக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

வங்கிதான் பெரிய கொடுமை. மேனேஜர் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஓடிபியை நீங்களே சொல்லியிருப்பீங்க. இப்ப வந்து எங்களைக் கேட்டா எப்படிங்க?"

"நான் ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க சார்" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அறுபது வயதுக்காரர், ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர், அத்தனை பேர் வரிசையில் நிற்கப் பொய்யர் மாதிரி நின்றார். என்னால் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி அந்த ஏபிகேயை லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் தனியாக இயங்கும் இன்னொரு கணினி மாதிரி) போட்டு, செயலியின் நிரலைப் பிரித்துக் காட்டும் ஜேட்எக்ஸ் என்ற இலவசக் கருவியில் திறந்தேன். செயலி கேட்கும் அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பிலேயே இருந்தது: எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, வரும் எஸ்எம்எஸ்ஸைப் பிடிக்க அனுமதி, இன்டர்நெட். உள்ளே போய்ப் பார்த்தால், வருகிற செய்தியை அப்படியே டெலிகிராமில் உள்ள ஒரு 'பாட்' (bot) என்ற தானியங்கிக் கணக்குக்கு அனுப்பும் நிரல். மாமா ஓடிபியை யாரிடமும் சொல்லவே வேண்டியதில்லை. போனே சொல்லிக்கொண்டிருந்தது! நாலு வருடம் பரீட்சைக்காகப் படித்ததெல்லாம் ஒரு மனிதரின் மானத்துக்கு உதவும் என்று எனக்குத் தெரிந்தது அந்த ராத்திரியில்தான். விடிந்ததும் அத்தையிடம் சொன்னேன், "மாமா பொய் சொல்லலை, எழுத்தில இருக்குது" என்று. அத்தை அழுதுவிட்டார்.

அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையையும் சேர்த்துப் புதிதாகக் கடிதம் எழுதினோம். வாடிக்கையாளருக்குப் பொறுப்பு உண்டு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதில் தெளிவாக இருக்கிறது. தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே வரக்கூடாது என்றும் இருக்கிறது. இந்தத் தடவை மேனேஜர் உட்காரச் சொன்னார். நகலில் தேதியோடு சீல் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீலை விட்டுவிடாதீர்கள். பதில் வராமல் 30 நாள் ஆனாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போக அதுதான் சாட்சி. மாமாவின் மீதிப் பணத்துக்கான மனு இப்போது அங்கேதான் இருக்கிறது.

சைபர் கிரைம் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார். மின்னணு ஆதாரத்துக்கு அது கட்டாயம், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான ஒரு எண்) எழுத வேண்டும். நான் முதல் நாளே எஸ்எச்ஏ-256 முறையில் அந்த ஹாஷை எடுத்து வைத்திருந்ததால் உடனே எழுதிக் கொடுத்தேன். "யாரும்மா நீ, எங்க வேலை பாக்கற?" என்று கேட்டார். அப்போது எனக்கு வேலை இல்லை. 1930 மூலம் வேறொரு வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 71,000 ரூபாய், நீதிமன்ற உத்தரவு வாங்கிய பிறகு வந்தது.

வேலை தேடும் படலத்தில் சொல்ல அதிகமில்லை. காசு வாங்கிக்கொண்டு 'நூறு சதவீத வேலை' என்ற கோச்சிங் சென்டர் பக்கம் போக வேண்டாம், வெப் செக்யூரிட்டி கற்றுத்தரும் போர்ட்ஸ்விகர் அகாடமியின் பாடங்கள் இலவசம். கோவை சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் எஸ்ஓசி அனலிஸ்ட் (இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும்) வேலைக்கு இன்டர்வியூ. ஏன் இந்தத் துறை என்றார்கள். மாமாவின் ஏபிகேயைப் பற்றிச் சொன்னேன். எந்த அனுமதி எதற்கு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அரை மணி நேரம் அதைத்தான் குடைந்தார்கள். அடுத்த மாதம் சேர்கிறேன், சுழற்சி ஷிப்ட். ராத்திரி வேலையா என்று அப்பா முகம் சுளிக்க, மாமாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணன் போனில் இதே மாதிரி ஒரு கோப்பு, இந்தத் தடவை கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில். 40,000 ரூபாய் போன கையோடு ஓடி வந்தார். சிம்மைக் கழற்றினோம், பட்டன் போனில் போட்டு 1930 அடித்தோம், பரிவர்த்தனை எண்ணெல்லாம் கையிலேயே இருந்தது. முழுத் தொகையும் திருடர்கள் எடுப்பதற்குள் அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.