காய்ச்சுவது எங்கே?

"இந்த சூப்பை இங்கேயேதான் காய்ச்சுகிறீர்களா?" எங்கள் ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடையில் ஒரு பெரியவர் கேட்டது அவ்வளவுதான். "இல்லை ஐயா, தொழிற்சாலையில் காய்ச்சி அனுப்புகிறார்கள். இங்கே சூடாக்கித் தருகிறோம்" என்றேன். அவர் தலையசைத்தார். நூடுல்ஸை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, சூப்பைத் தொடாமல் எழுந்து போனார். மேலாளர் என்னைச் சமையலறைக்கு அழைத்தார். "நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தொழிற்சாலையைப் பற்றி அவர் கேட்டாரா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை.

கேள்விக்கு முன்பே, தான் ஜப்பானின் குருமே ஊர்க்காரர் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதுதான் என்னைக் குடைகிறது. பன்றி எலும்பு ராமென் பிறந்த ஊர் அது. 1937-ல் 'நான்கின் சென்ரியோ' என்ற தள்ளுவண்டிக் கடையில் தொடங்கியது. இன்று ஹகாதா (ஃபுகுவோக்கா நகரின் ஒரு பகுதி) பாணிக் கடைகளில் நாம் ஊற்றும் வெள்ளை சூப்பும் அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். 1947-ல் 'சான்கியூ' கடைக்காரர் வெளியே போயிருந்தபோது, அடுப்பைப் பார்த்துக்கொண்ட அவருடைய தாயார் தீயைக் குறைக்காமல் விட்டுவிட்டாராம். தெளிவாக இருக்கவேண்டிய சூப் கொதித்துக் கொதித்துப் பாலாகிவிட்டது. சுவைத்துப் பார்த்தால் அருமை. அந்த ஊரின் பழைய கடைகள் சிலவற்றில் பானையை முழுதாகக் காலி செய்யவே மாட்டார்கள். நேற்றைய சூப்பின் மேல் புதிய எலும்பைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர் பொழுதுபோக்காகவா கேட்டிருப்பார்?

எங்கள் சுவரில் தள்ளுவண்டிக் கடையின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதன் அடியில் நின்றுதான் உறைந்த சூப் பையைக் கத்தரிக்கிறோம். வெளிறிய கட்டியாக விழுகிறது, உருகுகிறது. ஒரு சொட்டை அடர்த்திமானியில் வைத்துப் பார்த்து, எண் சரியாக இருந்தால் கிண்ணத்தில் ஊற்றுகிறோம். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். இரவெல்லாம் எலும்பு கொதித்தால் அந்த நாற்றத்தை அக்கம்பக்கத்தார் எப்படிச் சகிப்பார்கள்? எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே சுவை கிடைப்பதும் ஒரு நேர்மைதானே? ஃபுகுவோக்காவின் நாகஹாமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டுப் போகிறவர்களுக்காகச் சீக்கிரம் வேகும்படி மெல்லியதாக்கிய நூடுல்ஸைத்தான் இங்கும் போடுகிறோம். அது விரைவில் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் முதலில் அளவாகப் போட்டு, 'காயெதாமா' என்று கேட்டதும் இன்னொரு பிடி வேகவைத்து அதே கிண்ணத்தில் சேர்க்கிறோம். அந்த வழக்கத்தில் எந்தக் கலப்படமும் இல்லை.

ஆனால் அந்தத் தாயார் எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால், எண் தவறிய அன்றைய சூப்பைச் சாக்கடையில்தான் கொட்டியிருப்பார்கள். இது தோன்றியபின், பெரியவருக்கு உண்மையைச் சொன்னது சரி என்றே படுகிறது. மறுநொடியே, பசியோடு வந்தவரின் கிண்ணத்தைக் கசப்பாக்கும் உரிமையை எனக்கு யார் தந்தது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் உண்மையிலேயே அதனால்தான் சூப்பை விட்டாரா? உப்பு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். வயதானவர்கள் பலர் சூப்பை மீதம் வைப்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

இப்போது புதிதாக வரும் பகுதிநேர மாணவர்களுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். சூப்பை எங்கே காய்ச்சுகிறோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்கிறார்கள். மேலாளரைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.