அப்புக்காத்து இராமநாதன்

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில், இராமநாதன் மகளிர் கல்லூரியில் படித்துவிட்டுக் கடல் கடந்து குடியேறிய எங்களில் பலருக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றால் கல்லூரி நிறுவுநர். 1913-இல் எங்கள் கல்லூரியையும் 1921-இல் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தொடங்கியவரை அப்படி நினைப்பது சரிதான். ஆனால் அவர் வாழ்வின் பெரும்பகுதி நீதிமன்றத்திலும் சட்டநிரூபண சபையிலும் கழிந்தது. பிரித்தானிய முடிக்கு உண்மையாகவே விசுவாசமாக இருந்தவர் அவர். அந்த விசுவாசத்தோடு அரசாங்கத்தை எப்படி எதிர்த்து நின்றார் என்பதைப் பள்ளியில் எங்களுக்கு யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

1851 ஏப்ரல் 16-இல் கொழும்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின் சேர் ரிச்சர்ட் மோர்கனிடம் தொழில் பழகி அப்புக்காத்தானார், அதாவது வழக்கறிஞரானார். இளம் வயதில் அவர் மேற்கொண்ட பெருவேலை, உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டது. ரோமன் டச்சுச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை, கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டம் எனப் பலவும் கலந்து நடந்த நாடு இலங்கை. முந்தைய தீர்ப்பு அச்சில் இல்லையென்றால் அப்புக்காத்து எதைக் காட்டி வாதாடுவார்? ஒரே கேள்விக்கு இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்கவும் கூடும். அந்தத் தொகுப்புகள் பிற்கால வழக்குகளில் அவர் பெயராலேயே மேற்கோள் காட்டப்பட்டன. கல்லூரிகளுக்கு அடுத்தபடியாக அவர் விட்டுச்சென்ற செல்வம் இதுவே என்பேன்.

தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி 1879-இல் காலமானதும், தமிழர் பிரதிநிதியாகச் சபைக்கு நியமனம் பெற்றார். 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல். சட்டமா அதிபருக்கு அடுத்த பதவி அது. குற்ற வழக்கின் விளக்கக் கோவையை வரிக்கு வரி படித்து, சாட்சியம் போதுமா, எந்தப் பிரிவில் குற்றம் சாட்டலாம், எந்த நீதிமன்றத்தில் என்று முடிவு கட்டும் வேலை. அரசு தரப்பின் சாட்சியம் எந்த இடத்தில் பலவீனப்படும் என்பதை உள்ளிருந்தே பார்த்துப் பழகியவர். 1915-இல் அது கைகொடுத்தது.

அவ்வாண்டு மே 28 இரவு கண்டியில், பள்ளிவாசல் வழியே இசையோடு சென்ற பெரஹராவை, அதாவது பௌத்த ஊர்வலத்தை, முன்னிட்டுச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. ஜூன் 2-இல் இராணுவச் சட்டம் வந்தது. சில நாட்களில் கலவரம் ஓய்ந்தது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. எஃப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்க போன்ற சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது இராமநாதன் 'படித்த இலங்கையர்' தொகுதியின் பிரதிநிதி. 1911 தேர்தலில் மாக்கஸ் பெர்னாண்டோவை வென்று வந்தவர். அரசரைக் குறை சொல்லவில்லை. அரசரின் சட்டத்தையே எடுத்துக் கேட்டார். இது இராசத்துரோகமல்ல, மதப் பூசல். சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும்போது இராணுவ நீதிமன்றம் எதற்கு? கலவரம் அடங்கியபின் விசாரணையின்றிச் சுட்டதை எந்தச் சட்டம் அனுமதித்தது? குற்றம் செய்தவர் யார் என்று பாராமல் ஊர்மேல் நட்டஈட்டை எப்படிச் சுமத்தலாம்? சபையில் பேசியதோடு நிற்காமல் இங்கிலாந்து சென்று முறையிட்டார். அந்த உரைகளை 1916-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியை இழுத்த கதையை எல்லாரும் சொல்வர். எனக்கோ, அந்த வாதத்தின் ஒழுங்குதான் பெரிது.

முஸ்லிம்களுக்கு அது வேறு அனுபவம். இழப்பு அவர்களுடையது, சபையின் மிகவலிய குரல் எதிர்ப்பக்கம் நின்றது. அவர்கள் இனத்தால் தமிழரே என்று 1888-இல் அவர் வாசித்த ஆய்வுரையின் மனத்தாங்கலும் ஏற்கெனவே இருந்தது. நினைவு மலர்களில் இதை எழுதாமல் விடுவது நியாயமல்ல.

இலங்கையின் அரசியல் யாப்பைச் சீர்திருத்தப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அவர் எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்றது எங்களுக்கு ஏற்புடையதல்ல. சிறுபான்மையினருக்குக் காப்பில்லை என்ற அவரது அச்சத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. 79 வயதில் இலண்டன் போய் முறையிட்டும் பலனில்லை. 1930 நவம்பர் 26-இல் காலமானார். அடுத்த ஆண்டு டொனமூர் அரசியல் யாப்பின்படி தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்தது. அந்த யாப்பு சுயராச்சியம் தரவில்லை என்பது அவர்கள் குறை. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயின.